கையில் நின்ற சூடு

காற்று மாதம், நான்காம் நாள்

மொச்சை,

உன் பள்ளிக்கூட ஏட்டில்தான் எழுதுகிறேன். நீ பாதிவரைக்கும் எழுதி வைத்திருக்கிறாய். மீதியைச் சும்மா விட்டால் யாராவது அடுப்பு மூட்டக் கிழித்துவிடுவார்கள். எனக்கு எழுத்து கூட்டித்தான் வரும். இரண்டாம் வகுப்போடு உப்புக்கூடை தூக்கப் போனவள். தப்பு இருந்தால் இருக்கட்டும். பார்த்துச் சிரிக்க நீ இங்கே இல்லை.

உன்னை மணலில் வைத்துவிட்டு வந்து இது மூன்றாம் நாள். வீடு நிறைய ஆள். வந்தவர்கள் நன்றாகத் தின்கிறார்கள். ஒருத்தி குழம்பில் புளி தூக்கல் என்கிறாள். சட்டியை அவள் தலையில் கவிழ்க்க வேண்டும் போலிருந்தது. கவிழ்க்கவில்லை. வேறொன்றைக் கவிழ்த்தேன்.

இன்று கை ஆற்றும் நாள். சின்னப் பிள்ளைகளிடம் இதைச் சொல்வதில்லை, அதனால் உனக்குத் தெரியாது. சூடுவாங்கி வந்து நோயாளி நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து வாங்கல் மந்திரம் சொன்னால், உடம்பிலிருக்கிற சுரமெல்லாம் அவள் கைக்கு ஏறிவிடும். நோயாளி பிழைத்துவிட்டால் அவள் போய்க் கடலில் கையை முக்குவாள், சூடு போய்விடும். கை வைத்திருக்கும்போதே உயிர் போய்விட்டால் அந்தச் சூடு போகாது. கடலுக்குள்ளேயே குடியிருந்தாலும் போகாது. பெற்றவள் தன் கையால் தண்ணீர் ஊற்றி, ‘போகட்டும்’ என்று சொன்னால்தான் ஆறும். அதுவரைக்கும் அவளால் வேறு யாரிடமும் சூடு வாங்க முடியாது. மந்திரம் வாயில் வரும், கையில் ஏறாது.

சூடுவாங்கி நாகரத்தி வந்து முற்றத்தில் உட்கார்ந்து கையை நீட்டினாள். உள்ளங்கை இரண்டும் அடுப்புக்கல் மாதிரி சிவந்திருந்தது. யாரோ ஒரு செம்புக் கடல்தண்ணீரை என் கையில் திணித்தார்கள்.

“ஊத்து மாணிக்கி. ஊத்திட்டுப் போகட்டும்னு சொல்லு. ஒரு சொல்லுதான.”

செம்பை அவள் காலடியில் கவிழ்த்தேன்.

“உச்சிக்கு முன்னால கூப்பிட ஆள் அனுப்புனா, பொழுது சாயுத நேரத்துக்கா வருவ? எம்பிள்ள மூச்ச நிறுத்தவா வந்த நீ?”

“அண்ணாச்சி வந்து நின்ன நிமிசமே கெளம்பிட்டேன் யக்கா” என்றாள் நாகரத்தி. அவளைக் கூப்பிடப் போனது உன் அப்பாதான்.

கங்காணி பூவலிங்கம் முன்னால் வந்தார். உப்பளத்தில் எங்களை வேலை வாங்குகிறவருக்குத் துக்க வீட்டிலும் அதே குரல். “இந்தத் திட்டுக்கு இருக்கது ஒரே சூடுவாங்கி. காத்து எதுத்து அடிக்கி, அக்கரையிலருந்து ஒரு படகும் வராது. கானல் சுரம் உம்பிள்ளையோட நிக்குமா? உன் கோவத்த அப்புறம் வச்சிக்க தாயி.”

“அப்புறம்னா எப்ப கங்காணியாரே? நீங்க சொல்லுங்க, அந்த நேரத்துக்குக் கோவப்படுதேன்.”

எல்லோரும் எழுந்து போனார்கள். போகும்போதும் தின்றுவிட்டுத்தான் போனார்கள்.

உன் மேலும் கோபம்தான். உச்சி வெயிலில் உப்புப் பாத்தியை வெறித்துப் பார்க்காதே, கானல் கண் வழியாக உள்ளே போய்விடும் என்று எத்தனை தடவை சொன்னேன். ‘அம்மா, சுவத்துல தண்ணி ஓடுது, நல்லாருக்கு’ என்று சொல்லிக்கொண்டு படுத்திருந்தாய். நல்லாருக்காம்.


காற்று மாதம், ஏழாம் நாள்

வேலைக்குப் போனேன். வீட்டில் இருந்தால் உன் பாவாடை கொடியில் தொங்குகிறது. அதை எடுத்து மடிக்கச் சொல்லி நாலு பேர் சொல்லிவிட்டார்கள். எடுக்கமாட்டேன்.

விடியலில் பெண்களெல்லாம் வரப்பில் நின்று உப்பை அழைக்கும் மந்திரம் சொன்னோம். நானும் சொன்னேன். பாத்தியெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் வாயால் சொன்னாலும் உப்புக்கு ஒன்றுமில்லை. அதற்கு வெட்கம் கிடையாது.

வாரிக் கூடையை நிரப்பினேன். கூடையைத் தலைக்கு ஏற்ற இன்னொருத்தி கை கொடுக்க வேண்டும், தனியாக ஏற்ற முடியாது. சும்மாட்டை வைத்துக்கொண்டு நின்றேன். ஒருத்தியும் வரவில்லை. அன்றைக்குப் புளி தூக்கல் என்றாளே, அவளைக் கூப்பிட்டேன்.

“ஒரு கை பிடியேன்.”

“ஒரு செம்புத் தண்ணி ஊத்த வலிக்கி உன் கைக்கு. எங்க கைக்கு மட்டும் வலிக்காதாக்கும்?” என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள்.

கூடையை உப்பு குவிக்கிற அம்பாரம்வரைக்கும் தரையில் இழுத்துக்கொண்டு போனேன். பாதி உப்பு வழியில் சிந்திவிட்டது. கங்காணி பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மீதியை அவர் வாயில் போட்டிருப்பேன்.

வீட்டுக்கு வந்தால் உன் அப்பா. நீ போன பொழுதிலிருந்து அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கஞ்சி வைத்தால் குடிக்கிறார். கேட்டால் தலையை ஆட்டுகிறார். அவ்வளவுதான்.

என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. நீ அப்போது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். சூடுவாங்கியைக் கூப்பிடப் போகிறவன் வழியில் வாயைத் திறக்கக் கூடாது. திறந்துவிட்டால் மந்திரம் பலிக்காது. வீட்டுக்குத் திரும்பி வந்து, வாசல் நிலையைத் தொட்டுவிட்டு, முதலிலிருந்து போக வேண்டும். நம் திட்டில் நாய்க்குக்கூட இது தெரியும். உன் அப்பா இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு வெயிலில் ஓடினார். நாகரத்தி வீட்டு வேலி தெரிகிற இடத்தில், அம்பாரத்து ஓரமாகக் கங்காணி நின்றிருக்கிறார்.

“ஏ கொம்பையா, வேலையப் போட்டுட்டு என்னவே ஓட்டம்?”

அந்த ஆள் கேட்டால் உடனே பதில் சொல்லிப் பழகின வாய். “புள்ளைக்கு முடியலய்யா” என்று சொல்லிவிட்டார்.

நான் உன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். தனியாக ஓடி வருகிறாரே என்று பார்த்தேன். நிலையைத் தொட்டார். கையை ஆட்டி, வாயைக் காட்டினார். திரும்பி ஓடினார். உன் பக்கம் பார்க்கவில்லை.

மூட வேண்டிய நேரத்தில் மூடத் தெரியாத வாய். இப்போது மூடி என்ன கிழிக்கப் போகிறது?


காற்று மாதம், எட்டாம் நாள்

இன்றும் ஒருத்தியும் கூடை ஏற்றிவிடவில்லை. இழுத்தேன்.


காற்று மாதம், பத்தாம் நாள்

நாகரத்தி வீட்டுக்குப் போனேன். வருத்தப்பட்டுப் போகவில்லை. அவள் கை இன்னும் எரிகிறதா என்று பார்க்கப் போனேன். எரிய வேண்டும்.

கதவைத் தட்டாமல் உள்ளே போனேன். கையால் எதையும் பிடிக்க முடியாமல், பானையை முழங்கையால் சாய்த்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பாதித் தண்ணீர் கழுத்தில் ஒழுகியது.

“வந்துட்டியா யக்கா? செம்பு எங்க?”

“செம்பும் இல்ல, கிம்பும் இல்ல. கையக் காட்டு.”

“எதுக்கு?”

“காட்டுட்டீ.”

என்னைவிட இளையவள் என்றாலும் முன்பெல்லாம் சூடுவாங்கியம்மா என்றுதான் கூப்பிடுவேன். இப்போது ட்டீதான்.

உள்ளங்கையில் கொப்புளம் வந்து உடைந்திருந்தது. நல்லது என்று நினைத்துக்கொண்டேன். தொட்டுப் பார்த்தேன்.

மொச்சை, வேறு யார் சுரமாக இருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. இது உன்னுடையது. ஒரே சீராக இல்லாமல், ஏறி இறங்கி, கொஞ்சம் அடங்குவது போல் ஏமாற்றிவிட்டு மறுபடி ஏறுகிற சூடு. நீ படுத்திருந்த பொழுதெல்லாம் நெற்றியில் கை வைத்துக்கொண்டே இருந்தவள் நான். எனக்குத் தெரியாதா?

அவள்தான் சொன்னாள், “யக்கா, எனக்குக் காலு மரத்துப்போச்சி. உக்காந்து பிடிச்சிக்கயேன்.”

உடனே விட்டுவிட்டேன்.

“எரியுதான்னு பாத்தேன்.”

“எரியுது.”

“எரியட்டும்.”


காற்று மாதம், பதிமூன்றாம் நாள்

நாகரத்திக்குக் கஞ்சி கொண்டுபோகிறேன். இரக்கப்பட்டு இல்லை. பட்டினி கிடந்து அவள் செத்துப்போனால் சூடும் அவளோடு போய்விடும். அப்புறம் அது யாரை எரிக்கும்? அதற்காகத்தான்.

நேற்றும் இன்றும் கரண்டியால் ஊட்டிவிட்டேன். அவளுக்கு வாய்க்கொழுப்பு மட்டும் குறையவில்லை.

“ஏன் யக்கா, அளத்துல வேல பாத்தா கஞ்சியிலயும் உப்ப வாரிப்பலகையாலயா போடுவ?”

“தின்னா தின்னு. இல்லன்னா நக்கிட்டுக் கெட.”

“நக்குனாலும் கரிக்கத்தான செய்யும்.”

சிரிப்பு வந்தது. வந்ததற்காக எனக்கே என்மேல் ஆத்திரம் வந்தது. கருவாட்டை அவள் வாயில் முள்ளோடு வைத்தேன்.

தின்று முடித்ததும் அவள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கும் காலையிலிருந்து கூடை இழுத்த களைப்பு. கொஞ்சம் தலை சாய்த்தேன். அந்த வீட்டில் தலையணை ஒன்றுதான், அது அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. பக்கத்தில் அவள் கைதான் இருந்தது.

எழுந்தபோது வெயில் தணிந்திருந்தது. அவள் அசையாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். என்னை எழுப்பவில்லை. எனக்கு ஒரு பக்கத்துக் கன்னம் மட்டும் சூடாக இருந்தது. வீட்டுக்கு வரும்வரைக்கும் அந்தப் பக்கத்தை முந்தானையால் மூடிக்கொண்டு வந்தேன். காற்று மணலை வாரி அடிக்கிறது, அதற்காக.


காற்று மாதம், பதினாறாம் நாள்

இன்றைக்கு எழுதுகிற எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும்.

கஞ்சி ஊட்டும்போது வழக்கம்போல் ஆரம்பித்தேன். “நீ மட்டும் வெரசா வந்திருந்தா எம்பிள்ள இருந்திருக்கும்.”

“தெனமும் இதையே சொல்லுத. அண்ணாச்சி வந்ததே சாயங்காலந்தான? நான் என்ன பறந்தா வர முடியும்?”

“அவரு முன்னாலயே வந்தாருட்டீ. உன் வேலி வரைக்கும் வந்தாரு. கங்காணி கேட்டதுக்கு வாயத் தொறந்துட்டாரு. திரும்ப வந்து நிலையத் தொட்டுட்டுத்தான மறுபடி வரணும்?”

நாகரத்தி மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினாள்.

“வேலி வரைக்கும் வந்துட்டா திரும்பிப் போனாரு?”

“பின்ன? பேசக் கூடாதுன்னு நீங்கதான வச்சிருக்கிய.”

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்தாள்.

“யக்கா, அது மந்திரத்துல இல்ல.”

“எது?”

“பேசக் கூடாதுங்கது. மந்திரத்துல அப்படி ஒரு சொல்லும் கெடையாது. கூப்பிட வாரவன் வழியில கண்டவன்கிட்டயும் கத பேசிக்கிட்டு நின்னுரக் கூடாது, வெரசா வரணும்னு எப்பவோ எவளோ சொல்லி வச்சது. திரும்பிப் போகணும்ங்கத அப்புறம் எவனோ சேத்துக்கிட்டான்.”

“உனக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“ஊருக்குச் சொல்லல.”

“எனக்குச் சொல்லிக்குடுத்தவளும் சொல்லல. வாயத் தொறக்காம ஒரு ஆளு நடந்து வந்தா சனத்துக்கு ஒரு பயம் வருது. அந்தப் பயம் இருந்தாத்தான் நான் சொல்லுத பத்தியத்தக் கேப்பாங்கன்னு விட்டுட்டேன். வீட்டு வாசலுக்கு வந்த மனுசன் திரும்பிப் போவாருன்னு நான் நெனைக்கலையே யக்கா.”

விரைவாக வர வேண்டும் என்பதற்காக வைத்ததாம். மொச்சை, கேட்டாயா? விரைவாக வர வேண்டும் என்பதற்காக.

சட்டியைச் சுவரில் அடித்தேன். தண்ணீர்ப் பானையை உதைத்தேன். அவள் மருந்துக் குடுவைகளை ஒவ்வொன்றாக எடுத்து வாசலில் எறிந்தேன். அவள் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

“சாகுத வரைக்கும் எரிட்டீ! உங்கையில தண்ணி ஊத்த எங்கை நீளாது. நான் செத்தாலும் நீளாது!”

வரும் வழியெல்லாம் சத்தம் போட்டுப் பேசிக்கொண்டே வந்தேன். நண்டிடம் பேசினேன், வரப்பிடம் பேசினேன். கங்காணி நின்ற இடத்தில் நின்று கொஞ்ச நேரம் பேசினேன். வானம் இடிந்து விழவில்லை.

உன் அப்பாவிடம் சொல்லப் போகிறேன். முகத்துக்கு நேராகச் சொல்லப் போகிறேன். நீர் வாசல் நிலையைத் தொட வந்தது வெட்டி வேலை, நேரே போயிருக்கலாம், பிள்ளை இருந்திருக்கும் என்று. தெரிந்துகொள்ளட்டும். நான் மட்டும் ஏன் தெரிந்துவைத்திருக்க வேண்டும்?


காற்று மாதம், பதினேழாம் நாள்

சொல்ல நேரம் கிடைக்கவில்லை. நெத்தலி காயப்போட்டிருந்தேன், காக்கை வந்துவிட்டது.


காற்று மாதம், பதினெட்டாம் நாள்

இன்றும் சொல்லவில்லை. அவர் வாரிப்பலகைக்குப் பிடி மாற்றிக்கொண்டிருந்தார். உன் உயரத்துக்கு ஒரு சின்னப் பலகை செய்து வைத்திருந்தாரே, அதன் பிடியைத்தான் மாற்றிக்கொண்டிருந்தார். அது யாருக்கு என்று கேட்க நினைத்தேன். கேட்டால் பதில் வராது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.


காற்று மாதம், பத்தொன்பதாம் நாள்

கங்காணி மகள் வடிவிக்குக் கானல் சுரம். உன் வகுப்பில் இருக்கிறாளே, முன்பல் இரண்டும் இல்லாதவள், அவள்தான். கூரையில் மீன் நீந்துகிறது என்று சொல்கிறாளாம்.

நன்றாக வேண்டும் என்று சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். உன் அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

சாயங்காலம் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். புளிக்காரிதான் முன்னால் நின்றாள்.

“மாணிக்கி, அந்தப் பிள்ளைய ஒருக்கா வந்து பாரு. நீயும் பெத்தவதான?”

“பெத்தவன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சிதா? கூட ஏத்தக் கூப்பிட்டப்ப தெரியலையோ?”

“அதுக்கு இதா பதிலு? ஒரு செம்புத் தண்ணிடீ. உனக்கு என்ன கொறஞ்சிரும்?”

“உங்களுக்கென்ன, சொல்லுவிய. ஊத்திட்டா அப்புறம் எனக்கு…”

அதற்குமேல் சொல்லவில்லை. என்ன சொல்ல வந்தேன் என்று தெரியவில்லை. வாசலில் கோழி அசிங்கம் செய்திருந்தது. விளக்குமாற்றை எடுத்து அவர்கள் காலைச் சேர்த்துக் கூட்டினேன். போய்விட்டார்கள்.

நாகரத்தி வீட்டுப் பக்கம் மூன்று நாளாகப் போகவில்லை. கஞ்சி யார் கொடுக்கிறார்களோ தெரியவில்லை. எனக்கென்ன? கை எப்படி இருக்கிறதோ. கை என்றால் எரிகிறதா என்பதைத்தான் சொல்கிறேன்.


காற்று மாதம், இருபதாம் நாள்

காலையில் கங்காணி வந்தார்.

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். உன் அப்பா வாசலில் வலைக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். வாசலில் நிழல் விழுந்தது. பார்த்தால் அந்த ஆள். தலையில் துண்டு இல்லை, காலில் செருப்பு இல்லை. அளத்தில் எட்டுப் பாத்திக்கு அந்தப் பக்கம் நின்று கத்தினாலும் காதில் வந்து விழுகிற குரல்காரர், வாயைத் திறக்காமல் நின்றார். கையைக் கும்பிட்டார். நாகரத்தி வீட்டுத் திசையைக் காட்டினார்.

புரிந்துவிட்டது. சூடுவாங்கியைக் கூப்பிடப் போக முதலில் என்னைக் கூப்பிட வந்திருக்கிறார். பேசாமல் வந்திருக்கிறார். பேசிவிட்டால் வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டுமே.

மொச்சை, எனக்கு வந்த கோபத்தை எழுத இந்த ஏட்டில் இடமில்லை.

“என்ன கங்காணியாரே, ஓட்டம்? வேலையப் போட்டுட்டு எங்க வந்திய?”

பேசவில்லை.

“பதில் சொல்லும். உம்ம கேள்விக்கு எம்புருசன் பதில் சொன்னாருல்லா? நான் கேக்கேன், சொல்லும். புள்ளைக்கு என்ன? சொகமில்லையா? வாயில என்ன கொழுக்கட்டையா?”

உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் ஒழுகியது, துடைக்கவில்லை. நான் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் பிறப்பைச் சொன்னேன், மீசையைச் சொன்னேன். எட்டுப் பாத்திக்கு என் குரல் கேட்டிருக்கும். அவர் அசையவில்லை.

‘பேசும் ஐயா, பேசினால் ஒன்றும் ஆகாது, அதெல்லாம் பொய்’ என்று சொல்லத்தான் வந்தது. நாக்கு நுனிவரைக்கும் வந்தது.

உன் அப்பா கயிற்றைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றிருந்தார். கங்காணி வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாய் திறந்துவிடக் கூடாதே என்று பார்க்கிற பார்வை அது. அந்த ஆள் மகளுக்காக இவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

சொல்லவில்லை. அரிசியை அப்படியே வைத்தேன். உன் அப்பா உள்ளே போய்ச் செம்பை எடுத்து வந்து என்னிடம் நீட்டினார்.

மூன்று பேரும் நடந்தோம். போகிற வழியில் கடலில் செம்பை நிரப்பிக்கொண்டேன். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. அந்த வழியில் பேசலாம் என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். நானும் பேசவில்லை.

நாகரத்தி வீட்டு வேலியருகே அவர்கள் இருவரையும் நிற்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். மெலிந்திருந்தாள். கொப்புளத்துக்கு வாழையிலை சுற்றியிருந்தாள்.

“நல்லாக் கேளு” என்றேன். “வெளிய வந்து எல்லாருக்கும் சொல்லணும், இனிமே சூடுவாங்கியக் கூப்பிட வாரவன் வழியில பேசலாம், திரும்பிப் போக வேண்டாம்னு.”

“சொல்லுதேன் யக்கா. அது மொதல்லருந்தே அப்படித்தான்னு சொல்லி எல்லார் கால்லயும் விழுதேன்.”

“மொதல்லருந்தேன்னு சொன்ன, உன் நாக்க இழுத்து வச்சி அறுத்துருவேன். இன்னையிலருந்துன்னு சொல்லணும். எம்பிள்ள செத்ததுல மந்திரம் மாறிருச்சின்னு சொல்லு. என்ன எழவையாவது சொல்லு. இன்னையிலருந்து. விளங்குதா?”

வெளியே நிற்கிற உன் அப்பாவை அவள் கதவு வழியாகப் பார்த்தாள். தலையை ஆட்டினாள்.

வெளியே வந்தாள். அதற்குள் புளிக்காரியும் நாலைந்து பேரும் வந்துவிட்டார்கள்.

“எல்லாரும் கேளுங்க. கொம்பையா அண்ணாச்சி மகளோட சூடு எங்கையில நின்னதுலருந்து மந்திரம் மாறிருக்கு. இனிமே என்னயக் கூப்பிட வாரவங்க பேசிக்கிட்டே வரலாம். சத்தம் போட்டுக்கிட்டும் வரலாம். திரும்பிப் போகக் கூடாது. போனாத்தான் பலிக்காது.”

அப்போதுதான் உன் அப்பா வாயைத் திறந்தார். இத்தனை நாளுக்கு அப்புறம் வந்த குரல், துருப்பிடித்த தாழ்ப்பாள் மாதிரி வந்தது.

“இதுக்கு முன்னால… பேசக் கூடாதுதான?”

நாகரத்தி என்னைப் பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்தாள்.

“கூடாது அண்ணாச்சி. முன்னால கூடாது. நீங்க செஞ்சது சரிதான்.”

அவர் அப்படியே வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நாகரத்தி கையை நீட்டினாள். இலையைப் பிரித்தேன். ஊற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை பிடித்துப் பார்த்தேன், எரிகிறதா என்று. ஏறி இறங்கி, ஏறி இறங்கி, நீ இருந்தாய்.

“யக்கா, அந்தப் பிள்ள…” என்றாள் மெதுவாக.

“தெரியும். வாய மூடு.”

ஊற்றினேன். ‘போகட்டும்’ என்று சொன்னேன். ஆவி வந்தது. நான் கையை எடுக்கவில்லை, சூடு போகிற வரைக்கும் பிடித்திருந்தேன். அதிக நேரம் ஆகவில்லை.

அவள் உடனே கங்காணியைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். “சுரம் எப்ப ஆரம்பிச்சிது? பேசுங்க கங்காணியாரே, பேசலாம்!” அந்த ஆள் வாயைத் திறந்தார், அழுகைதான் வந்தது. அந்தப் பெரிய குரலில் அழுதுகொண்டே ஓடினார்.


காற்று மாதம், இருபத்திரண்டாம் நாள்

வடிவி பிழைத்துவிட்டாள். முற்றத்தில் உட்கார்ந்து பனங்கிழங்கு தின்கிறாள். பார்த்துவிட்டுத்தான் வந்தேன். சந்தோசமாக இல்லை. சந்தோசப்பட வேண்டும் என்று யாராவது சொன்னால் அடிப்பேன்.

அளத்தில் புளிக்காரி தானாக வந்து கூடையைத் தலைக்கு ஏற்றிவிட்டாள். “உன் கோவமெல்லாம் போச்சா?” என்று கேட்டாள். “இல்ல” என்றேன். “அது போகாது. கூடையத் தூக்கு.”

உன் அப்பா பேசுகிறார். உப்புக் கேட்கிறார், வெந்நீர் கேட்கிறார். உன்னைப் பற்றி இன்னும் பேசவில்லை. ஏட்டை அவர் பார்க்க மாட்டார், அவருக்கு எழுத்து தெரியாது. தெரிந்திருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன்.

வேலை முடிந்து நாகரத்தி வீட்டுக்குப் போனேன். உடைத்த குடுவைகளுக்குப் பதில் இரண்டு கொடுக்க வேண்டியிருந்தது. கையைக் காட்டச் சொன்னேன். எதற்கு என்று கேட்காமல் காட்டினாள். புண் காய்ந்துகொண்டிருக்கிறது. பிடித்துப் பார்த்தேன். எல்லோர் கையும் மாதிரி ஒரு கை. மீன் நாற்றம் அடித்தது.

மணலில் வைக்கும்போது உனக்கு ஒரு பாவாடையும் சட்டையும்தான் போட்டுவிட்டார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. உன் சூடுதான் இன்னும் இங்கே இருக்கிறதே என்று இருந்துவிட்டேன். அதையும் தண்ணீரில் விட்டாயிற்று. இந்த மாதம் முழுக்கக் கடல் காற்று கிழக்கிலிருந்து அடிக்கிறது.

மொச்சை, உனக்குக் குளிர்கிறதா?